பைரசி தடுப்பு மசோதாவை வாசிப்பது எப்படி, அதன் பின்னால் நிற்கும் பெருநிறுவனங்களைக் கண்டுகொள்வது எப்படி

இணையத்தில் நடக்கும் பைரசியைத் தடுக்க ஒரு மசோதா வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் உடனே எழுகின்றன. படைப்பாளிகளின் உழைப்பு கொள்ளை போகிறது என்கிறது ஒன்று. இணையத்தின் குரல்வளையை நெரிக்கிறார்கள் என்கிறது மற்றொன்று. இரண்டிலுமே உண்மை இருக்கிறது. ஆயினும் ஒரு பக்கத்தில் திரைப்பட, இசை நிறுவனங்களும் மறுபக்கத்தில் தேடுபொறி, சமூக ஊடக நிறுவனங்களும் நின்று இந்தக் குரல்களைப் பெருக்குகின்றன என்பதால், பாட்டை எழுதியவருக்கும் அதைக் கேட்பவருக்கும் மசோதாவில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. மசோதாவைத் தாமே திறந்து வாசித்து, அது யாருக்கு அதிகாரம் தருகிறது, அதை யாருடைய செல்வாக்கு வடிவமைத்தது என்று கண்டறிய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. பொறுமையும் ஒரு பென்சிலும் போதும். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றின் தாயகம் அமெரிக்கா என்பதாலும், அங்கே ஆவணங்கள் பொதுவில் கிடைப்பதாலும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே வருகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், இப்போது நடைமுறையில் இருக்கும் சட்டம்

புதிய மசோதாவைத் தொடுவதற்கு முன், ஏற்கெனவே என்ன சட்டம் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் அது 1998 அக்டோபரில் கையெழுத்தான டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம். அதன் 512ஆவது பிரிவுதான் இந்தத் துறையின் அடித்தளம். பயனர் ஒருவர் பிறருடைய படைப்பைத் தளத்தில் ஏற்றிவிட்டால், உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பியதும் தளம் அதை விரைவாக நீக்க வேண்டும். நீக்கினால் நஷ்டஈட்டு வழக்கிலிருந்து தளத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நீக்கப்பட்டவர் எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். உரிமையாளர் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அந்தப் படைப்பைத் திரும்ப ஏற்ற வேண்டும். யூடியூப், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் இன்றைய அளவுக்கு வளர்ந்ததில் இந்தப் பாதுகாப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே தொழில்நுட்ப நிறுவனங்கள் தங்கள் அரசியல் பலத்தையெல்லாம் திரட்டி எதைக் காப்பாற்றப் பார்க்கின்றன என்று யாராவது கேட்டால், பதிலின் பெரும்பகுதி இந்த ஒரே பிரிவில் இருக்கிறது.

பழைய சட்டத்தால் முடியாதது எது என்று மசோதாவின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள் என்பதையும், அது சரிதானா என்பதையும் கேட்டுப் பாருங்கள். 2012 ஜனவரி 19 அன்று, அதாவது புதிய சட்டம் வேண்டாம் என்ற பெரும் போராட்டம் நடந்த மறுநாளே, அமெரிக்க நீதித் துறை மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை இருந்த சட்டத்தைக் கொண்டே முடக்கியது. அதன் நிறுவனர் நியூசிலாந்தில் கைதானார். வெளிநாட்டுத் தளங்களை இருக்கும் சட்டத்தால் தொடவே முடியாது என்ற வாதத்தை அந்த ஒரு நாள் வெகுவாகப் பலவீனப்படுத்தியது.

வரையறைதான் மசோதாவின் உயிர்

மசோதாவின் பெயரும் முகவுரையும் சொல்வதை நம்பித் தொடங்காதீர்கள். வரையறைப் பிரிவுக்கு நேராகப் போங்கள். சோபா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட, இணையப் பைரசியை நிறுத்துவதற்கான அமெரிக்க மசோதாவையே எடுத்துக்கொள்வோம். 2011 அக்டோபர் 26 அன்று டெக்சாஸ் உறுப்பினர் லமார் ஸ்மித் இதைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தார். மசோதா எண் 3261. இதற்கு இணையாக செனட்டர் பேட்ரிக் லேஹி அதே ஆண்டு மே மாதம் செனட் சபையில் கொண்டுவந்தது பிபா. சோபாவின் 103ஆவது பிரிவு, அமெரிக்கச் சொத்தைத் திருடுவதற்கென்றே இயங்கும் தளம் எது என்று வரையறுத்தது. வேண்டுமென்றே பைரசி செய்யும் தளத்தோடு அது நிற்கவில்லை. தன் தளத்தில் உரிமை மீறல் நடக்க அதிக வாய்ப்பிருந்தும் அதை உறுதிசெய்துகொள்ளாமல் தவிர்க்கிற தளத்தையும் அந்த வரையறை உள்ளே இழுத்தது. இந்த ஒரே தொடரால், பயனர்கள் எதையும் ஏற்றக்கூடிய எந்தத் தளமும் தனக்கும் ஆபத்து என்று அஞ்ச இடம் ஏற்பட்டது.

வரையறைக்கு அடுத்து, முடிவெடுப்பவர் யார் என்று பாருங்கள். மசோதா முதலில் வந்த வடிவத்தில், உரிமையாளர் ஒருவர் பணம் செலுத்தும் நிறுவனத்துக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் நோட்டீஸ் அனுப்பினாலே போதும். எதிர் நோட்டீஸ் வராவிட்டால் 5 நாட்களுக்குள் அந்தத் தளத்துக்குப் பணம் போகும் வழியை அவை அடைக்க வேண்டும். நீதிபதி ஒருவர் அந்தத் தளத்தைப் பார்த்திருக்கவே தேவையில்லை. கடும் எதிர்ப்பு எழுந்த பிறகு, டிசம்பரில் ஸ்மித் கொண்டுவந்த திருத்தத்தில் இந்த நோட்டீஸ் வழி எடுக்கப்பட்டது. எந்த மசோதாவை வாசித்தாலும் நோட்டீஸ், உத்தரவு என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிடுங்கள். ஒன்றை எழுதுவது தனியார், மற்றதை எழுதுவது நீதிமன்றம். அதற்குப் பக்கத்தில் எத்தனை நாள் கெடு, கெடுவுக்குள் பதில் சொல்ல முடியாதவருக்கு என்ன ஆகும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பலரும் தாண்டிப் போய்விடுகிற இடம் ஒன்று உண்டு: பொறுப்பிலிருந்து விடுவிக்கும் பிரிவு. சோபாவில் அது 104ஆவது பிரிவு. நல்லெண்ணத்துடன் தானாகவே ஒரு தளத்தை முடக்கும் நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியாது என்றது அது. முடக்கினால் பாதுகாப்பு, முடக்காவிட்டால் ஆபத்து என்று சட்டம் சொல்லும்போது, நிறுவனத்தின் வழக்கறிஞர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஊகிக்க அதிக அறிவு தேவையில்லை. தவறாக முடக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறதா என்று அதே பக்கத்தில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது, அல்லது நிரூபிக்கவே முடியாத நிபந்தனையோடு இருக்கும்.

தொழில்நுட்பப் பகுதியைக் கண்டு பயப்பட வேண்டாம். இணையத்தில் ஒரு பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். பைரசித் தளத்தின் பெயருக்கு இணைய சேவை நிறுவனங்கள் விடை தராமல் தடுக்க வேண்டும் என்று சோபாவும் பிபாவும் கேட்டன. பெயர் தடுக்கப்பட்டாலும் எண் முகவரி அப்படியே இருக்கும், வேறு டிஎன்எஸ் சேவைக்கு மாறினால் தளம் திறந்துகொள்ளும், ஆனால் போலி முகவரிகளைத் தடுக்க அப்போது கொண்டுவரப்பட்டுவந்த டிஎன்எஸ்செக் பாதுகாப்பு முறையோடு இது மோதும் என்று பால் விக்ஸி, ஸ்டீவ் கிராக்கர், டான் காமின்ஸ்கி உள்ளிட்ட 5 பொறியாளர்கள் 2011 மே மாதமே எழுதினார்கள். 2012 ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் லேஹியும் ஸ்மித்தும் அந்தப் பகுதியை விலக்க இசைந்தார்கள். பொறியாளர்கள் எழுதிய மறுப்பு எங்கே என்று தேடிப் படிப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நிறுவன அறிக்கைகளை விட அவை பெரும்பாலும் நேர்மையாக இருக்கும்.

வரம்புகளில் தெரியும் செல்வாக்கு

பெருநிறுவனங்களின் பலம் மசோதாவைக் கொல்வதில் மட்டுமே தெரியும் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அது விதிவிலக்குகளிலும் எண்களிலும் ஒளிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறிமுறையின் 17ஆவது பிரிவு, பயனர்கள் ஏற்றுவதற்குத் தளமே பொறுப்பு என்றும், உரிமம் வாங்கவோ உரிமையாளர் சுட்டிய படைப்புகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளவோ தளம் முயல வேண்டும் என்றும் சொல்கிறது. முழு விதியிலிருந்து தப்ப, ஒரு நிறுவனம் தொடங்கி 3 ஆண்டுகள் ஆகாமல் இருக்க வேண்டும், ஆண்டு வருவாய் 1 கோடி யூரோவுக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 50 லட்சம் பேருக்கு மேல் வந்துவிட்டால் அந்தச் சலுகையும் குறையும். அப்படியானால் 4 வயதான ஒரு சிறிய தளம் என்ன செய்யும்? ஏற்றப்படும் ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கும் மென்பொருளை யாரிடமிருந்தாவது வாங்க வேண்டியிருக்கும். யூடியூப்புக்கோ அந்தக் கவலை இல்லை. 2007இலேயே கன்டென்ட் ஐடி என்ற சோதனை முறையைத் தொடங்கிய அது, அதற்காக 10 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டதாக 2018இல் சொன்னது. யூடியூப் எதிர்த்த அதே சட்டம், யூடியூப்போடு போட்டியிட நினைப்பவருக்கு வாசலை உயர்த்துகிறது. எதிர்ப்பின் உரத்த குரலை மட்டும் கேட்டவருக்கு இது பிடிபடாது.

நல்ல எண்களும் உண்டு. அதே நெறிமுறையைத் தன் சட்டமாக்கிய ஜெர்மனி, 15 விநாடி வரையிலான படக் காட்சி அல்லது ஒலி, 160 எழுத்துகள் வரையிலான உரை, 125 கிலோபைட் வரையிலான படம் ஆகிய சிறு பயன்பாடுகளைத் தானியங்கியாகத் தடுக்கக் கூடாது என்ற வழியை 2021இல் வைத்தது. மேற்கோள் காட்டுகிறவருக்கும் கேலிப்படம் செய்கிறவருக்கும் இடம் விட வேண்டும் என்று யாரோ ஒருவர் அமர்ந்து யோசித்திருப்பதன் அடையாளம் இது. நீங்கள் வாசிக்கும் மசோதாவில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பணத்தின் தடத்தைப் பின்தொடர்வது

அமெரிக்காவில் லாபி செய்யும், அதாவது சட்டம் தங்களுக்குச் சாதகமாக அமைய உறுப்பினர்களையும் அரசுத் துறைகளையும் அணுகிப் பேசும் நிறுவனங்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்குக் காட்ட வேண்டும். காலாண்டு அறிக்கையின் பெயர் எல்டி-2. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் 20ஆம் தேதிக்குள் அது வந்துவிடும். செனட் சபையின் லாபி வெளிப்படுத்தல் தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். ஒரு நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் இட்டு அறிக்கையைத் திறந்தால், மேலே அந்தக் காலாண்டின் மொத்தச் செலவு இருக்கும். கீழே பொருள்வாரியாகப் பக்கங்கள் பிரியும். பதிப்புரிமை, காப்புரிமை, வணிகக் குறி ஆகியவற்றுக்கான குறியீடு சிபிடி. அந்தப் பக்கத்தில் எந்தெந்த மசோதாக்களைப் பற்றிப் பேசினார்கள், எந்தச் சபையை, எந்தத் துறையை அணுகினார்கள் என்று எழுதியிருக்கும். அதற்கும் கீழே லாபி செய்தவர்களின் பெயர்களும், அவர்களில் முன்பு அரசுப் பொறுப்பில் இருந்தவர்களின் பழைய பதவியும் வரும். நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். மசோதாவை எழுதிய குழுவில் நேற்று வேலை பார்த்தவர் இன்று எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறார் என்று தெரிந்தால், பாதிக் கதை விளங்கிவிடும். முன்னாள் செனட்டர் கிறிஸ் டாட் 2011இல் திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவரானது போன்ற பெரிய நகர்வுகள் செய்தியாகின்றன. குழு அலுவலகத்து ஊழியர் இடம் மாறுவது செய்தியாவதில்லை.

இந்த அறிக்கைக்கு இரண்டு குறைகள் உண்டு. மசோதாவை ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்று அதில் சொல்ல வேண்டியதில்லை. பொதுமக்களைத் திரட்ட விளம்பரத்துக்குச் செய்யும் செலவும் பொதுவாக அதில் வராது. ஆகவே ஓர் ஆண்டின் தொகையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், பல ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2011இல் ஃபேஸ்புக் கணக்குக் காட்டிய லாபிச் செலவு 13 லட்சம் டாலருக்குச் சற்று மேல். 2021இல் அது சுமார் 2 கோடி டாலர். கூகுள் 2012 என்ற ஒரே ஆண்டில் 1.6 கோடி டாலருக்கும் மேல் காட்டியது. சோபா விவாதம் நடந்த காலத்தில் வாஷிங்டனில் ஓங்கிய கை ஹாலிவுட்டுடையதாகவே இருந்தது. 2011 நவம்பர் 16 அன்று நடந்த குழு விசாரணையில் சாட்சியளித்த 6 தரப்பினரில் மசோதாவை எதிர்த்தது கூகுள் ஒன்றுதான். விசாரணைக்கு யார் அழைக்கப்பட்டார்கள் என்ற பட்டியலும் ஓர் ஆவணம். அன்று பொறியாளர்களும் நூலகர்களும் சிறு தளங்களை நடத்துகிறவர்களும் அந்த மேசையில் இல்லை.

மக்கள் எழுச்சியா, நிறுவனப் பிரசாரமா?

வாசகருக்கு மிகவும் கடினமான பகுதி இதுதான். 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவைத் திறந்தவர்கள் கட்டுரைக்குப் பதிலாகக் கறுத்த திரையைக் கண்டார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணை இடுவதற்கு அதில் ஒரு சிறு கட்டம் இருந்தது. இட்டால் அவர்கள் பகுதியின் செனட்டர்களையும் பிரதிநிதியையும் தொடர்புகொள்ளும் விவரம் வந்தது. 16 கோடிக்கும் மேற்பட்டோர் அந்தத் திரையைப் பார்த்தார்கள், 80 லட்சம் பேர் அந்தக் கட்டத்தைப் பயன்படுத்தினார்கள் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறிவித்தது. ரெடிட் என்ற விவாதத் தளம் 12 மணி நேரம் மூடிக்கிடந்தது. கூகுள் தன் முகப்பில் பெயரைக் கறுப்புப் பட்டையால் மறைத்தது. மசோதாக்களுக்கு எதிரான அதன் மனுவில் 70 லட்சம் பேர் கையொப்பமிட்டார்கள். மார்க்கோ ரூபியோ, ஆரின் ஹேட்ச், ராய் பிளண்ட் ஆகிய செனட்டர்கள் தங்கள் ஆதரவை அன்றே விலக்கிக்கொண்டார்கள். 20ஆம் தேதி, செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் நான்கு நாட்களில் நடக்கவிருந்த வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார். மசோதாக்கள் அத்தோடு முடங்கின. முந்தைய மே மாதம் செனட் நீதிக் குழுவில் எதிர்ப்பே இல்லாமல் தேறிய பிபா, இப்படி மூன்று நாட்களில் விழுந்தது.

இதை மக்களின் வெற்றி என்பதா, கூகுளின் வெற்றி என்பதா? ஒரே சொல்லில் விடை தேடாமல், ஒவ்வொரு தரப்பிலும் முடிவை எடுத்தவர் யார் என்று தனித்தனியே கேளுங்கள். விக்கிப்பீடியாவை இருட்டாக்குவதென்று 1,800க்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்கள் வெளிப்படையாக விவாதித்து முடிவெடுத்தார்கள். அந்த விவாதத்தை இன்றும் வாசிக்கலாம். கூகுளின் முகப்பில் கறுப்புப் பட்டை விழுந்ததோ ஒரு நிறுவனத்தின் உள் முடிவு. இரண்டும் ஒரே நாளில், ஒரே திசையில் நடந்தன என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கோடிக்கணக்கானோர் தினமும் திறக்கும் பக்கத்தை ஒரு நிறுவனம் தன் சட்ட நலனுக்காகத் திருப்ப முடியும் என்பது, அது சரியான பக்கத்தில் நின்ற நாளிலும் நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டிய சங்கதி. 2018 அக்டோபரில் யூடியூப்பின் தலைமை அதிகாரி சூசன் வொஜ்சிக்கி, ஐரோப்பிய நெறிமுறைக்கு எதிராகக் குரல் கொடுக்கும்படி தளத்தின் படைப்பாளிகளுக்கே கடிதம் எழுதியபோது அந்தப் பலம் மீண்டும் வெளிப்பட்டது.

எதிர்த் திசையிலும் கவனம் தேவை. 2019 மார்ச்சில் ஜெர்மன் நகரங்களில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தபோது, வந்து குவியும் மின்னஞ்சல்களெல்லாம் இயந்திரங்கள் அனுப்பியவை என்று முன்பே சில அரசியல்வாதிகள் பேசியிருந்ததால், நாங்கள் இயந்திரங்கள் அல்ல என்ற பதாகைகளோடு இளைஞர்கள் நடந்தார்கள். நிறுவனத்துக்கும் குடிமக்களுக்கும் ஒரே கோரிக்கை இருக்கலாம். அதைக் காட்டிக் குடிமக்களை ஒதுக்கித் தள்ளுவது அநீதி.

வாக்கெடுப்பின் நடைமுறையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 2019 மார்ச் 26 அன்று நெறிமுறை 348க்கு 274 என்று நிறைவேறியது. ஆனால் பிரிவுகளைத் தனித்தனியே திருத்த அனுமதிப்பதா என்ற முந்தைய வாக்கெடுப்பு வெறும் 5 வாக்கில் தோற்றிருந்தது. அமெரிக்காவில், வணிக நோக்கில் திருட்டு ஒளிபரப்புச் சேவை நடத்துவதைக் கடுங்குற்றமாக்கும் சட்டம், 2020 டிசம்பரில் 5,593 பக்க நிதி மசோதாவுக்குள் சேர்க்கப்பட்டு நிறைவேறியது. தனி மசோதாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள்.

மசோதா விழுந்த பிறகும் வேலை முடிவதில்லை

தோற்ற சட்டத்தின் நோக்கம் தனியார் ஏற்பாடாகத் திரும்பி வரக்கூடும். 2012 ஆகஸ்டில் கூகுள், அதிக நீக்க நோட்டீஸ்கள் பெற்ற தளங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளப்போவதாக அறிவித்தது. இதற்கு எந்தச் சபையும் வாக்களிக்கவில்லை. எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு இல்லை. யூடியூப் வெளியிட்ட முதல் பதிப்புரிமை வெளிப்படைத்தன்மை அறிக்கை, 2021இன் முதல் ஆறு மாதங்களில் கன்டென்ட் ஐடி வழியாக 72 கோடிக்கும் மேற்பட்ட உரிமைக் கோரல்கள் வந்ததாகச் சொல்கிறது. அவற்றில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றைத்தான் ஏற்றியவர்கள் மறுத்தார்கள். அப்படி மறுக்கப்பட்டவற்றில் சுமார் 60 சதவீதம் ஏற்றியவருக்குச் சாதகமாக முடிந்தன. அதாவது, ஆறே மாதத்தில் ஏறத்தாழ 22 லட்சம் முறை கோரல் நிலைக்கவில்லை. இந்த முறையை நேரடியாகப் பயன்படுத்தும் வாய்ப்பு, பெரிய அளவில் படைப்புகளை வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கே கிடைக்கிறது. தனியாக இசையமைத்து வெளியிடும் கலைஞருக்குப் படிவத்தை நிரப்பும் வழிதான். பைரசியால் உண்மையில் அடிபடுகிறவர் பெரும்பாலும் அவர்தான் என்பதால், எனக்கு இது மற்ற எதையும் விட வருத்தம் தருகிறது. நீக்க நோட்டீஸ்களை நேரில் பார்க்க விரும்பினால், ஹார்வர்டின் பெர்க்மன் கிளைன் மையத்தோடு தொடர்புடைய லூமன் தரவுத்தளத்தில் தளத்தின் பெயரை இட்டுத் தேடுங்கள்.

உறுப்பினருக்கோ குழுவுக்கோ கருத்து எழுத முடிவுசெய்தால், சுருக்கமாக எழுதுங்கள். பிரிவின் எண், அதில் உங்களை உறுத்தும் சொல், அதற்குப் பதிலாக நீங்கள் கேட்கும் சொல் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால், ஆயிரம் பேர் அனுப்பும் ஒரே அச்சு மின்னஞ்சலை விட அது கவனிக்கப்படும். நோட்டீஸ் என்ற இடத்தில் இரு தரப்பையும் கேட்ட பிறகான நீதிமன்ற உத்தரவு என்று கேளுங்கள். தவறாக முடக்கியவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று கேளுங்கள்.

பழகிப் பார்க்க இப்போதே ஒரு மசோதா இருக்கிறது. 2011இல் சோபாவை முன்னின்று எதிர்த்தவர்களில் ஒருவரான கலிஃபோர்னியா உறுப்பினர் ஸோ லோஃப்கிரன், 2025 ஜனவரியில் வெளிநாட்டுப் பைரசித் தளங்களை நீதிமன்ற உத்தரவின் மூலம் முடக்குவதற்கான மசோதாவைத் தாமே கொண்டுவந்தார். எண் 791. இணைய சேவை நிறுவனங்களோடு பெரிய டிஎன்எஸ் சேவைகளையும் அது உள்ளடக்குகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் அதன் முழு உரையைத் திறந்து, வெளிநாட்டுப் பைரசித் தளம் என்ற வரையறையையும், உத்தரவுக்கு முன் தள உரிமையாளருக்குத் தகவல் போகும் முறையையும், கீழ்ப்படியும் நிறுவனத்துக்குத் தரும் பாதுகாப்பையும் வாசியுங்கள். பிறகு 2025ஆம் ஆண்டின் எல்டி-2 அறிக்கைகளில் அந்த எண்ணைத் தேடி, யார் யாரெல்லாம் அதைப் பற்றிப் பேசப் போனார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.